கடைசிப் பாட்டில் மட்டும் கரகரப்பு: ஒரு டர்ன்டேபிள் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. வீட்டுக்காரர் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா சேர்த்து வைத்த இருநூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள் இவரிடம் வந்து சேர்ந்தன. பாதி கர்நாடக சங்கீத எல்.பி.க்கள் (பெரிய தட்டுகள்), மீதி பழைய சினிமாப் பாட்டு ஈ.பி.க்கள் (சிறிய தட்டுகள்), நாலைந்து நாகஸ்வரத் தட்டுகள்.

அப்பா காலத்துப் பெட்டி பிளேயரில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு பாகம்) இருந்தது. ஊசி தாவுகிறது என்று அதன் தலையில் 20 பைசா அலுமினிய நாணயம் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தாராம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோளாறு பார்க்கப் போயிருந்த நானும் சிரித்தேன். இந்தத் தகவல் பின்னால் வேறு விதமாகத் திரும்பி வந்தது.

இப்போது இருப்பது டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 என்ற டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவி). 1979-இல் வந்த மாடல். மகன் எங்கிருந்தோ செகண்ட் ஹேண்டில் வாங்கித் தந்தது. அதில் புதிதாக ஆடியோ டெக்னிகா வி.எம்.95ஈ கார்ட்ரிட்ஜை அவரே மாட்டியிருந்தார். ஒரு கார்ட்ரிட்ஜை முதன்முதலாகச் சொந்தக் கையால் மாட்டியவருக்கு உள்ள பெருமிதம் அவர் பேச்சில் தெரிந்தது. வேலையும் மோசமில்லை. ஆனால் மூன்று மாதமாக ஒரு குறை தீரவில்லை.

என்ன புகார்

தட்டின் முதல் இரண்டு பாட்டுகள் அருமையாகக் கேட்கும். கடைசிப் பாட்டுக்கு வரும்போது ஸகரமும் ஷகரமும் சீற ஆரம்பிக்கும். ஒரு பாடகியின் எல்.பி.யைப் போட்டுக் காட்டினார். கடைசி உருப்படியில் ‘ஸ்ரீ’ என்று வரும் ஒவ்வோர் இடமும் அப்பளத்தை நொறுக்கியது போலக் கேட்டது. சீறல் இரண்டு ஸ்பீக்கரிலும் இருந்தாலும் வலது பக்கம் கூடுதல். நாகஸ்வரத் தட்டில் மேல் ஸ்தாயியில் நின்று பிடிக்கும் இடங்கள் கிழிந்தன.

“வேற ஊசி வாங்கிடட்டுமா தம்பி? மைக்ரோலீனியர்னு ஒண்ணு இருக்காமே” என்றார். அதே கார்ட்ரிட்ஜ் உடம்பில் அந்த மெல்லிய விளிம்புள்ள ஊசியை மாட்ட முடியும், உண்மைதான். ஆனால் விலை பல மடங்கு. “முதல்ல இருக்கறதைப் பார்த்துடலாம் சார்” என்றேன்.

ஏன் கடைசிப் பாட்டு மட்டும் என்பதற்கு ஒரு சிறு விளக்கம். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே கதியில்தான் சுழல்கிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. ஓடுகிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. அதே ‘ஸ’ அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். பொருத்துவதில் நேர்ந்த எந்தப் பிழையும் முதலில் வெளிப்படுவது இந்த இடத்தில்தான்.

முதல் நாள் பார்த்தது

டர்ன்டேபிள் பழைய மர ஷோகேஸ் மேல் இருந்தது. ரசமட்டம் வைத்தால் குமிழி ஒரு பக்கம் ஒதுங்கியது. கால்களைத் திருகி மட்டம் செய்ய ஐந்து நிமிடம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லூப் லென்ஸில் ஊசியைப் பார்த்தேன். முனையைச் சுற்றிப் பஞ்சு போல அழுக்கு. உலர்ந்த பிரஷால் பின்னாலிருந்து முன்னாலே தள்ளிச் சுத்தம் செய்ததும் முனை நன்றாகவே தெரிந்தது. தேய்மானம் இல்லை, வளைவு இல்லை.

அடுத்தது ஊசி தட்டை அழுத்தும் அழுத்தம். ஊசியைத் தாங்கி நிற்கும் கையின் பின்னால் இருக்கும் எடையின் வளையம் 2.0 காட்டியது. இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை போகலாம், 2.0 என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. டிஜிட்டல் தராசில் ஊசியை இறக்கினேன்: 1.48. மறுபடியும் இறக்கினேன்: 1.49.

“நீங்க எப்படி வச்சீங்களோ அப்படியே இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க சார்” என்று கேட்டேன். எடையைத் திருகி டர்ன்டேபிளின் கையை அந்தரத்தில் மிதக்கவிட்டார். அது சரி. அப்புறம் நேராக வளையத்தைப் பார்த்து 2 வரும்வரை எடையை உள்ளே திருகினார். நடுவில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. கை மிதக்கும்போது எண் வளையத்தை மட்டும் தனியாகத் திருப்பி 0-இல் நிறுத்த வேண்டும், அப்புறம்தான் எடையோடு சேர்த்துத் திருக வேண்டும். அவருடைய வளையம் அரையில் இருந்தே எண்ண ஆரம்பித்திருந்தது.

அழுத்தம் குறைந்திருந்ததைச் சொன்னபோது அவர் கவலைப்படவில்லை. “லேசா இருந்தா தட்டு தேயாது இல்லையா?” என்றார். இது பலரும் நம்புவது. பொதுவாகப் பார்த்தால் உண்மை எதிர்ப்பக்கம் இருக்கிறது. அழுத்தம் போதாதபோது ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எகிறி எகிறி விழுகிறது. தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் சற்றுக் கனமாக ஓடும் ஊசி செய்யும் சேதத்தைவிட இந்த எகிறல் செய்யும் சேதம் அதிகம்.

கை உள்ளே இழுபடுவதை எதிர்க்கும் ஆன்ட்டி ஸ்கேட்டிங் குமிழ் 0-இல் இருந்தது. தட்டு ஓடும்போது உராய்வும் கையின் வளைவும் சேர்ந்து கையை மையத்தை நோக்கி இழுக்கும். ஊசி உள் சுவரில் சாய்ந்துகொள்ளும். உள் சுவர் இடது சானல், வெளிச் சுவர் வலது சானல். பிடி தளர்வது வெளிச் சுவரில்தான். வலது பக்கம் கூடுதலாகச் சீறியதற்கு இது நன்றாகவே பொருந்தியது.

முதல் முடிவும் அதில் என் தவறும்

அழுத்தத்தை 2.0 ஆக்கினேன். ஆன்ட்டி ஸ்கேட்டிங்கையும் 2-இல் வைத்தேன். தட்டைப் போட்டோம். வலது பக்கச் சீறல் கணிசமாக இறங்கியது. வீட்டம்மா சமையலறையில் இருந்தே “இப்போ பரவாயில்லையே” என்றார். காபி வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு தவறுகள் செய்தேன். முதலாவது, அழுத்தம், ஆன்ட்டி ஸ்கேட்டிங் இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினேன். எதனால் எவ்வளவு சரியானது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவது, கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லில் (கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பகுதி) நேராகத் தெரிந்ததால் அதை அளக்கவே இல்லை. கண்ணுக்கு நேராகத் தெரிவதும் சரியான இடத்தில் இருப்பதும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. காபி நேரம் அப்படி.

மூன்றாம் நாள் போன் வந்தது. “வலது பக்கம் சரியாயிடுத்து. ஆனா கடைசிப் பாட்டு இன்னும் சீறறது. இப்போ ரெண்டு பக்கமும் சமமா சீறறது.”

இரண்டாம் வருகை: 49 மி.மீ.

இந்த முறை ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். அந்தப் பாடகியின் தட்டில் கடைசி உருப்படியின் ஒரே 40 விநாடியை ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் லேப்டாப்பில் பதிவு செய்வது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான்.

ஹெட்ஷெல்லைக் கழற்றி, கையோடு இணையும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தில் இருந்து ஊசி முனை வரை இரும்பு ஸ்கேலில் அளந்தேன். 49 மி.மீ. இந்த டர்ன்டேபிளுக்கு அது 52 இருக்க வேண்டும். கூடவே வரும் பிளாஸ்டிக் அளவுச்சட்டம் சொல்வதும் அதைத்தான். செகண்ட் ஹேண்டில் வந்ததால் அந்தச் சட்டம் இவரிடம் இல்லை.

எப்படிப் பொருத்தினார் என்று கேட்டேன். இணையத்தில் இருந்து எடுத்து அச்சிட்ட இரட்டைப் புள்ளி அட்டை ஒன்றைக் காட்டினார். மையத்தில் இருந்து 66 மி.மீ.யில் ஒரு புள்ளி, 120.9-இல் இன்னொன்று. இரண்டிலும் ஊசியை வைத்தால் கார்ட்ரிட்ஜ் கட்டக் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். இந்தக் கணக்கின் வேர் 1938-இல் லோஃப்கிரென் என்ற ஆய்வாளர் எழுதியதிலும் 1941-இல் பேர்வால்ட் என்ற ஆய்வாளர் எழுதியதிலும் இருக்கிறது. இன்றும் பெரும்பாலான அட்டைகள் அதன் வழியில்தான்.

“வெளிப் புள்ளியில கச்சிதமா வந்தது. உள் புள்ளியில கோடு ஒத்துவரலை. அட்டை தப்பா பிரிண்ட் ஆயிருக்கும்னு விட்டுட்டேன்” என்றார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. ஒற்றைப் புள்ளியில் மட்டும் பார்த்தால் எந்த நீளத்துக்கும் கார்ட்ரிட்ஜை இணையாக நிறுத்திவிடலாம். தட்டைக் கொஞ்சம் திருப்பினால் புள்ளி ஊசிக்கு அடியில் வந்துவிடும், கார்ட்ரிட்ஜை இத்தனூண்டு முறுக்கினால் கோடும் பொருந்திவிடும். இரண்டு புள்ளியும் ஒரே சமயத்தில் ஒத்துவருவது நீளமும் கோணமும் சரியாக இருக்கும்போது மட்டும். இவருடைய அட்டை பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. உண்மையைச் சொன்ன பாதியைத்தான் அவர் நம்பவில்லை.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கையின் சுழல் அச்சில் இருந்து தட்டின் மையத்துக்கு 215 மி.மீ. ஊசி 3 மி.மீ. பின்னால் இருந்ததால் கையின் பயன் நீளம் (அந்த அச்சில் இருந்து ஊசி வரை) 230-க்குப் பதில் 227. 120.9-இல் கோணப் பிழை (கார்ட்ரிட்ஜ் பள்ளத்தின் திசையில் இருந்து விலகும் அளவு) பூஜ்யம் என்றால், அடுத்த பூஜ்யம் 44 மி.மீ. அருகில் போய் விழுகிறது. அது லேபிளின் மேல், அங்கே பாட்டே கிடையாது. எல்.பி.யின் கடைசிப் பள்ளம் இருக்கும், மையத்தில் இருந்து 60 மி.மீ. தள்ளிய சுற்றில் பிழை 2.2 டிகிரி. ஹெட்ஷெல்லுக்குள் கார்ட்ரிட்ஜின் முறுக்கலோ ஒரு டிகிரிக்கும் கீழே. அதனால்தான் முதல் நாள் என் கண்ணுக்கு அது நேராகத் தெரிந்தது.

எதற்குப் பொருத்துவது

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அட்டையின் இரண்டு புள்ளிக்கும் ஒத்துவரும்படி வைப்பதா, டெக்னிக்ஸ் சொல்லும் 52-க்கு வைப்பதா?

அட்டைப்படி வைக்க இந்தக் கையில் ஊசியை ஏறக்குறைய 55 மி.மீ. வரை முன்னால் தள்ளி, கார்ட்ரிட்ஜை 1.7 டிகிரி முறுக்கவும் வேண்டும். தள்ளிப் பார்த்தேன். 53-ஐத் தாண்டியதும் திருகு துளையின் முனையில் முட்டிக்கொண்டது. வேறு ஹெட்ஷெல் வாங்கலாம், அது ஒரு வழி.

ஆனால் டெக்னிக்ஸின் 52 அளவுக்குப் பூஜ்யப் புள்ளிகள் 58.8, 113.5 மி.மீ. பக்கம் விழுகின்றன. அதாவது உள் பள்ளங்களுக்குச் சாதகமான அமைப்பு. 60 மி.மீ. சுற்றில் பிழை 0.1 டிகிரிதான். அட்டையின் முறையில் அதே இடத்தில் 0.8 இருக்கும். இதற்கு விலை வெளி விளிம்பில்: 2.6 டிகிரி. அங்கே பள்ளம் வேகமாக ஓடுவதால் அது காதில் அவ்வளவாக உறைப்பதில்லை. பழைய பொருத்தத்திலும் வெளி விளிம்பில் 2.4 இருந்தது, முதல் பாட்டைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவருடைய புகார் முழுக்கக் கடைசிப் பாட்டைப் பற்றியது. 52 என்று முடிவு செய்தோம். வெளிப் பாட்டுகளே உயிர் என்று கேட்பவராக இருந்தால் நான் வேறு ஹெட்ஷெல் வாங்கச் சொல்லியிருப்பேன்.

நடுவில் ஒரு தடங்கல்

வி.எம்.95-இன் உடம்பிலேயே திருகுப் புரி இருக்கிறது, நட்டு வேண்டாம். அந்த நிம்மதியில் கொஞ்சம் அவசரப்பட்டேன். திருகைத் தளர்த்திக் கார்ட்ரிட்ஜை முன்னால் இழுத்தபோது ஹெட்ஷெல்லின் சிவப்பு ஒயர் கிளிப் கார்ட்ரிட்ஜின் உலோகப் பின்னில் இருந்து கழன்றது. நான்கு ஒயர்: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. கிளிப்பின் வாய் அகன்றுபோயிருந்தது. ஒரு பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு, வெளியே ட்வீசரால் மெதுவாக அமுக்கி, மறுபடி பின்னில் செருகினேன். இதற்கு இருபது நிமிடம். ஊசியின் உறையைப் போட்டுக்கொண்டு இதைச் செய்தது நல்லதாயிற்று. ட்வீசர் ஒரு தடவை வழுக்கி உறையில்தான் பட்டது. வெறும் ஊசியாக இருந்திருந்தால் மைக்ரோலீனியர் வாங்கலாமா என்ற கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

52 மி.மீ.க்கு வைத்து, கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு ஹெட்ஷெல்லுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு திருகையும் மாறி மாறி, விரல் நுனி பலத்தில் மட்டும் முடுக்கினேன். முடுக்கும்போது கார்ட்ரிட்ஜ் சற்றே திரும்பிவிடும், எப்போதும் திரும்பும். மறுபடி அளந்தேன்: 52. அழுத்தத்தைத் தராசில் புதிதாக வைத்தேன், ஏனென்றால் 3 மி.மீ. முன்னால் போனதும் அது மாறியிருந்தது.

அந்த 40 விநாடியைப் போட்டோம். ‘ஸ்ரீ’ இப்போது ‘ஸ்ரீ’ ஆகவே வந்தது. சார் ஒன்றும் சொல்லாமல் ஊசியைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தார். மூன்றாம் தடவையும் வைத்தார்.

உயரமும் மற்றவையும்

கையின் பின்புறம் தூக்கலாக இருந்தது. உயர வளையத்தில் யாரோ முன்பு வேறு கார்ட்ரிட்ஜுக்கு வைத்த அளவு. கோடு போட்ட ஒரு அட்டையைத் தட்டின் மேல் நிறுத்தி, கை கோட்டுக்கு இணையாக வரும்வரை இறக்கினோம். இறக்க வேண்டியிருந்தது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல்.

பதிவுகளை வைத்து ஒப்பிட்டபோது இதில் பெரிய வித்தியாசம் எனக்குக் கேட்கவில்லை. சாருக்கு மிருதங்கத்தின் வலந்தலை கொஞ்சம் தெளிவானதாகத் தோன்றியது. இருக்கலாம். 230 மி.மீ. நீளக் கையில் பின்புறத்தை 4 மி.மீ. ஏற்றி இறக்கினால் ஊசியின் சாய்வு ஒரு டிகிரிதான் மாறும். அதே 3 மி.மீ. நீளவாக்கில் பிசகியபோது கடைசிப் பாட்டில் இரண்டு டிகிரிக்கு மேல் போனது. உயரத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருடைய கார்ட்ரிட்ஜை முதலில் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப்பில் மின் கொள்ளளவு (கெபாசிட்டன்ஸ்) மாற்றும் சுவிட்ச் இருந்தது, 100 பிகோஃபாரடுக்குக் குறைத்தோம். வி.எம்.95-க்கு ஒயரையும் சேர்த்து 100 முதல் 200-க்குள் இருப்பது நல்லது. மேல் ஸ்தாயியில் இருந்த ஒரு கூர்மை இதில் சற்றுத் தணிந்தது. ஆன்ட்டி ஸ்கேட்டிங்கைக் கடைசியாகத் தொட்டோம். பள்ளமே இல்லாத வழுவழுப்பான தட்டில் ஊசி நகராமல் நிற்கும்படி அதை வைப்பவர்கள் உண்டு. பள்ளத்துக்குள் உராய்வு வேறு, வழுவழுப்பில் வேறு, அதனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடைசிப் பாட்டின் உரத்த இடத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்வரை குமிழை நகர்த்தினோம். 1.7 பக்கம் நின்றது.

என்ன சரியானது, என்ன ஆகவில்லை

கர்நாடகத் தட்டுகள் ஏறக்குறைய எல்லாமே சரியாயின. நாகஸ்வரத் தட்டில் கிழிசல் நின்றது. சினிமா ஈ.பி.க்களில்தான் சிக்கல். ஏழெட்டுத் தட்டுகள் முதல் பாட்டில் இருந்தே கரகரத்தன. அதுவும் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பாட்டுகள்.

பொருத்தத்தில் இன்னும் ஏதோ பிழை என்று அவர் நினைத்தார். எனக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்தது. அவருடைய நண்பர் ஒருவரிடம் அந்த ஈ.பி.க்களில் ஒன்றின் இன்னொரு பிரதி இருந்தது. வாங்கி வந்து அதே டர்ன்டேபிளில் போட்டோம். சுத்தமாகப் பாடியது. இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நண்பருடையது கருப்பாகப் பளபளத்தது, இவருடையதில் உரத்த இடங்கள் சாம்பல் பூத்திருந்தன.

அந்த 20 பைசாவை அப்போதுதான் இருவரும் நினைத்தோம். செராமிக் கார்ட்ரிட்ஜ் ஏற்கெனவே கனமாக ஓடுவது, அதன் மேல் நாணயம், எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லாத ஊசி. பிடித்த பாட்டு என்பதால் அதிகம் ஓடிய தட்டு. சுவரில் செதுக்கியிருந்ததே போய்விட்ட பிறகு கோணத்தைச் சரிசெய்து என்ன பயன்? அதை அவரிடம் நேரடியாகவே சொன்னேன். “அப்பா அடிக்கடி போட்டதுதான் எல்லாம் போயிருக்கு” என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போன். பழைய அட்டையை எடுத்துப் பார்த்தாராம், இரண்டு புள்ளியிலும் கோடு ஒத்துவரவில்லையே, கார்ட்ரிட்ஜ் நகர்ந்துவிட்டதா? நகரவில்லை. அட்டை ஒரு கணக்கு, 52 இன்னொரு கணக்கு. 52-இல் வைத்தால் அட்டையின் இரு புள்ளியிலும் அரை முதல் முக்கால் டிகிரி விலகல் இருக்கத்தான் செய்யும். இதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மறுபடி செய்வதானால்

ஸ்கேலை முதலில் எடுப்பேன். மட்டம், ஊசியின் சுத்தம், ஊசியின் இடம், அழுத்தம், உயரம், மறுபடி அழுத்தம், கடைசியாக ஆன்ட்டி ஸ்கேட்டிங். முதல் நாள் ஊசியின் இடத்தை அளக்காமலே அழுத்தத்துக்குத் தாவிவிட்டேன்.

பதிவும் முதல் நாளே ஆரம்பித்திருக்க வேண்டும். தேய்ந்த தட்டையும் நல்ல தட்டையும் பிரிக்க, இரண்டாவது பிரதி ஒன்றையோ புதிய தட்டு ஒன்றையோ கையோடு எடுத்துப் போயிருந்தால் ஈ.பி. விஷயம் அன்றே முடிந்திருக்கும். அட்டை அச்சிடுபவர்களுக்கும் ஒன்று: ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு இருந்தால் பிரிண்டர் சத்தமில்லாமல் 97 சதவீதமாகச் சுருக்கிவிடும். அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கோட்டை ஸ்கேலால் ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் கத்தரிக்க வேண்டும்.

மைக்ரோலீனியர் ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள் பள்ளங்களில் அதன் மெல்லிய விளிம்பு நீள்வட்ட ஊசியைவிட நன்றாகவே படிக்கும், தேய்ந்த தட்டிலும் சில சமயம் தேயாத ஆழத்தைத் தொடும். ஆனால் 49 மி.மீ.யில் மாட்டியிருந்தால் பணமும் போய், கரகரப்பும் இருந்திருக்கும். இப்போதுள்ள நீள்வட்ட ஊசிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் சுமார் 300 மணி நேரம். அது முடிந்ததும் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். சார் ஒரு பழைய வங்கி டைரியில் ஒவ்வொரு பக்கம் ஓடியதற்கும் ஒரு கோடு போட்டு வருகிறார். போன வாரம் கேட்டபோது 60 மணி நேரத்தைத் தாண்டவில்லை.